தூதும் சூலையும்

பகைவர் கையினின்று வரும் நன்மையை ஏற்றல் அறமாமோ, ஆகாதோ என்னும் வினா மிகப் பழையது. பகைவர் தீமை செய்யுங்கால் எதிர்த்தல் ஒன்றே கடனாதலின் வழி தெளிவாக இருக்கின்றது. அவரே ஒருநாள் நல்லதொன்றனைக் கையில் ஏந்திவந்து வாயிலில் நிற்பாராயின், அப்பொழுதே நெஞ்சு தடுமாறுகின்றது. ஏற்றுக்கொண்டால் நேற்றுவரை பட்ட துன்பமெல்லாம் வீணாயிற்றோ என்று தோன்றும். ஏலாது விடுப்பின், தன் மானத்தைக் காத்தற்குப் பிறர் பலருடைய நலத்தை விலையாகக் கொடுத்ததாய் முடியும். மடங்களின் சீர்திருத்தத்திலும், சபைகளின் வழக்கிலும், அரசுகளின் உடன்படிக்கையிலும் எழும் பூசல்கள் கொள்கைபற்றித் தொடங்கினவேயாயினும், அவற்றுட் பல கொடுக்குங் கைபற்றியே நீள்கின்றன என்பது உற்றுநோக்குவார்க்குப் புலனாகும்.

தெய்வச் சேக்கிழார் இவ்வினாவை ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துள் வைத்து விளக்கியிருத்தலைச் சைவ அன்பர்கள் அறிவர். கலிக்காமர் சோழர்க்குச் சேனாபதியராம் குடியிற் பிறந்தவர், திருப்பெருமங்கலத்தார். நம்பியாரூரர் திருவொற்றியூரிற் சங்கிலியாரை மணந்து, செய்த சூளுறவு பிழைத்தமையாற் கண்ணிழந்து, காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மற்றொரு கண்ணும் பெற்றுப் பரவையாரை நாடியபோது, அவ்வம்மையார் சினந்து இடங்கொடாது மறுத்தார். நள்ளிரவில் ஆரூரர் வேண்ட, இறைவன் தாமே அருச்சகர் கோலத்துடன் தூது சென்றார். முதற்றூது பயன்படவில்லை, வெறுங்கையுடன் மீண்டார். இரண்டாம் முறை தம் பெருமை புலப்படச் சென்று பரவையாரை இசைவித்தார்.

இதனைக் கேட்ட கலிக்காமர் உள்ளம் கொதித்தார். ஆண்டவனை அடியவன் ஏவுவதா என்பது அவரது நடுக்கம். ஆரூரரை நேரிற் காண நேரின் என்னாகுமோ என்று கூறும் அளவிற்கு அவரது சினம் மூண்டது. இருவரையும் ஒன்றுபடுத்தத் திருவுளங்கொண்ட இறைவன் கலிக்காமர்க்குச் சூலைநோயைத் தந்து, அது வன்றொண்டரால் அன்றித் தீராது என்றும் அருளினார். அவன் வந்து தீர்த்தலினும் இந்நோய் என்னை வருத்துதலே நன்று என்றார் கலிக்காமர். ஆரூரர் வருகின்றார் என்று கேட்ட அளவில், அவர் வருமுன் உடைவாளால் தம் வயிற்றைக் கிழித்து உயிர் நீத்தார். அவர்தம் தேவியார் அழுகையை அடக்குவித்து, வரும் அடியவரை எதிர்கொள்ளச் செய்தார். நோய் நீங்கிற்று, துயில்கின்றார் என்று ஏவலர் கூறியதை ஆரூரர் ஒப்பாது உட்சென்று கண்டார். கண்டவுடன் தாமும் அவ்வழியே செல்வேன் என்று அதே வாளைப் பற்றினார். இறைவன் அருளாற் கலிக்காமர் உயிர்பெற்றெழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்புராணத்தில் இறைவன் கலிக்காமரை ஓரிடத்தும் கடிந்துரைக்கவில்லை என்பது நோக்கற்பாலது. தூது சென்றவர் அவரே. அதனைப் பொறாது வெகுண்டவரும் அவரடியாரே. யார் கட்சி சரியென்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒருவர்க்கு நோயையும் மற்றவர்க்கு அந்நோய் தீர்க்கும் கையையும் தந்தார், அவ்வளவே. கலிக்காமரது சினம் அன்பின் விளைவு. அவர் நோயை வைத்துக்கொள்வேன் என்றதோ சற்று ஆராயற்பாலதாம். தூது சென்ற செயல் அதனால் மாறப்போவதில்லை. இறைவன் திருவடிக்கு அதனால் வந்த பெருமையும் யாதுமில்லை. ஆயினும் அதனையும் குற்றமென்று புராணம் கூறிற்றில்லை. கூறாமைக்குக் காரணம், அவர் பணயம் வைத்தது தம் வயிற்றையே என்பது போலும். பிறர் வயிற்றைப் பணயம் வைத்துத் தம் மானத்தைக் காப்பவர்க்கு இப்புராணத்தில் இடமில்லை.

நாடுகளிடையே இவ்வினா எழுந்த வரலாறு ஒன்று தென்னார்க்காட்டுக் கடற்கரையில் நிகழ்ந்தது. புதுச்சேரிக்கு வடக்கே, முத்தியாலுப்பேட்டையை ஒட்டி, கோட்டக்குப்பம் என்னும் ஊர் உள்ளது. இன்று விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தைச் சார்ந்தது. முசுலிம் மக்கள் மிக்கு வாழ்வது. கடற்கரைச் சாலைவழியே வடக்கு நோக்கிச் செல்வார் முத்தியாலுப்பேட்டையில் புதுச்சேரியை விட்டுக் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுட் புகுந்து, சிறிது தொலைவு சென்று காலாப்பட்டில் மீண்டும் புதுச்சேரி எல்லையை அடைவர். பதினெட்டாம் நூற்றாண்டிற் பிரெஞ்சியரும் ஆங்கிலேயரும் பொருது, 1814-ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையால் முடித்துக்கொண்ட கணக்கின் தழும்புகள் இவை. ஒரே குடும்பத்தாருள் ஒருவர் ஆங்கிலேயர் குடியும் மற்றவர் பிரெஞ்சியர் குடியுமாக வாழ்தல் இவ்வெல்லையூர்களிற் புதுமையன்று. பெண் கொடுக்கலும் கொள்ளலும், மீன் விற்றலும், நெசவும் எல்லையை நோக்கா.

1947-இல் ஆங்கிலேயர் நீங்கியபின் இவ்வெல்லை மென்மையாகாது கடுமையாயிற்று. 1941-இல் ஏற்பட்ட சுங்க ஒற்றுமை 1949 ஏப்ரலுடன் முடிவடைந்தது. கோட்டக்குப்பம் போன்ற ஊர்களின் தெருமுனை இரு நாடுகளின் சுங்கவேலி ஆயிற்று. புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் என்னும் ஐந்திடங்களின் எதிர்காலத்தை அவ்வம் மக்களே துணிதல் வேண்டுமென்று இந்தியாவும் பிரான்சும் 1948 சூன் திங்களில் உடன்பட்டிருந்தன. பிரான்சின் 1946-ஆம் ஆண்டு அரசியற் சட்டமும் 27-ஆம் பிரிவில், குடிகளின் இசைவின்றி நிலப்பகுதியைக் கைமாற்றலாகாது என்று விதித்தது. அவ்வாறே சந்திரநாகூரில் 1949 சூன் 19-இல் குடியொப்பம் நடந்தது. இந்தியாவோடு சேர்தற்கு 7,473 பேரும், பிரான்சோடு இருத்தற்கு 114 பேரும் ஒப்பமளித்தனர். வங்காளத்தில் எளிதாய் முடிந்தது தெற்கே முடியவில்லை.

முடியாமைக்குக் காரணம் புதுச்சேரியின் உட்பகையாகும். அங்குத் தொழிலாளர் இயக்கத்தை வளர்த்தவர் வ. சுப்பையா. 1936 சூலை 30-இல் ஆலைத்தொழிலாளர்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டிற் பன்னிருவர் மாண்டபின், எட்டுமணிநேர வேலை முதலிய உரிமைகள் பிரெஞ்சிந்தியாவிற் சட்டமானது அவ்வியக்கத்தின் பயன். மற்றொருவர் எதுவார் குபேர். பிரெஞ்சிந்தியச் சோசலிசக் கட்சியின் தலைவர். பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். 1948-க்குப்பின் நகராட்சிகளும் சட்டமன்றமும் குபேர் கட்சியாரின் கையில் இருந்தன. பிரெஞ்சு ஆட்சி அவர்களைத் தாங்கிற்று, அவர்களும் அவ்வாட்சியைத் தாங்கினர். இணைப்பு வேண்டினோர் பலர் அடியுண்டனர். சிலர் வீடிழந்து எல்லை கடந்து இந்தியப் பகுதியிலுள்ள ஊர்களில் ஒண்டினர். சுப்பையாவின் இல்லமும் 1950 சனவரியில் தீக்கிரையாயிற்று. நேர்மை கருதி இதனையும் கூறுதல் வேண்டும்: அவர்தம் கட்சியாரும் 1948 அளவில், பிரெஞ்சு ஒன்றியத்தினுள்ளே தன்னாட்சி என்று ஒருகாலம் பேசியவரே. நிலை மாறாதார் அக்காலத்துப் புதுச்சேரியில் மிகச் சிலர்.

இந்நிலையில் 1954 மார்ச்சுத் திங்களில், யாரும் எதிர்பாராத வகையிற் குபேர் கட்சி மாறினார். மார்ச்சு 18-இல் புதுச்சேரிப் பகுதி நகராட்சியினர், குடியொப்பம் இன்றியே இந்தியாவோடு இணைதல் வேண்டுமென்று தீர்மானித்தனர். அத்திங்கள் முடியுமுன் குபேர் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியேற்றி இடைக்கால அரசு ஒன்றையும் நாட்டினார். அவர்மேற் பிரெஞ்சு ஆட்சியார் தொடுக்கவிருந்த வழக்குகளுக்கு அஞ்சியே இது செய்தார் என்று எதிர்ப்பாளர் கூறினர். மனமாற்றத்தின் காரணத்தை மனத்தை ஆக்கினோனே அறிவான். நாட்டினர் அறிந்தது பயனை. நேற்றுவரை இணைப்பைத் தடுத்த கைகளே இன்று அதனை ஏந்திவந்தன.

சுப்பையாவும் அவர்போலத் துன்புற்றோரும் அன்று செய்யற்பாலது யாது? ஈண்டுக் கலிக்காமர் கதை ஒருபுடை ஒப்புமையாகவே கொள்ளற்பாலது. குபேரை வன்றொண்டரோடு ஒப்பிடல் தகாது. வீடெரிந்தவரின் கோபமும் திருவடியன்பினால் எழுந்த கோபமும் ஒன்றல்ல. ஆயினும் ஓரிடம் ஒக்கும்: நோய் தீர்க்கும் கை தம்மால் வெறுக்கப்பட்டவர் கையாகவே வந்தது. ஏலாது விடுத்திருப்பின், சுங்கவேலியின் இருமருங்கும் வாழ்ந்த நெசவாளரும் மீனவரும் இன்னும் பலவாண்டு சூலையால் வருந்தியிருப்பர். வயிறு தம்முடையதாயின் வாள் எடுக்கலாம். ஊருடையதாயின் எடுத்தல் கூடாது. சுப்பையா கட்சியார் தமது பகையை விட்டாரல்லர். எனினும் குபேர் செய்கின்றார் என்பதற்காக இணைப்பை எதிர்க்கவும் இல்லை. அவ்வாண்டு ஏப்ரல் முதல் அவர்களும் தம் வழியில் எல்லைப்புறங்களிற் பிரெஞ்சு ஆட்சியை அகற்ற முனைந்தனர். இரு பகைவர் இரு வழியாக ஒரே வாயிலை நோக்கிச் சென்றனர்.

குபேரை ஏற்றது இந்திய அரசின் சூழ்ச்சி என்றும், அறம் அன்றென்றும் கூறுவார் உளர். பழைய நூலார் சாமம், தானம், பேதம், தண்டம் என நான்காக வகுத்த உபாயங்களுள் இது பேதத்தின்பாற் படும் என்பர் அவர். அப்படியே ஆயினும், வள்ளுவர் பெருமான் தூது என்பதனைப் பொருட்பாலிற் பத்துக் குறட்பாக்களால் தனியதிகாரமாக வைத்தமையை நோக்குக. அரசியலிற் பேசுவோன், கேட்போனுடைய தூய்மையைச் சோதித்தபின்னரே பேசுவேன் என்று காத்திருப்பின், எந்நாளும் வாய் திறவான். எதிரியோடு பேசுதல் அவன் செய்தனவற்றை ஒப்புதல் ஆகாது.

பிரான்சு உடன்பட்டதன் காரணமும் பேரறம் அன்று. 1954 மே 7-இல் வியத்துநாமின் தியன்பியன்பூ வீழ்ந்தது. அத்திங்களிற் பாரிசில் இந்தியாவோடு தொடங்கிய பேச்சு முறிந்தது. சூனில் ஆட்சிக்கு வந்த பியேர் மெந்தேஸ் பிரான்சு இந்தோசீனப் போரைச் செனீவாவில் முடித்தபின்னரே புதுச்சேரிப் பேச்சு இனிது நடந்தது. அதற்குள் ஏனாம் சூனிலும், மாகி சூலையிலும் பிரெஞ்சியர் கைவிட்டுப் போயின. தளர்ந்தவன் தரும் கொடையும் கொடையே. அதனை இகழ்ந்து மறுப்பவன் அவனை மீண்டும் போருக்குத் தூண்டுபவன். போர்த்துக்கல் பேசவே மறுத்தது. கோவா 1961 திசம்பரிற் படையினால் முடிந்தது.

அக்டோபர் 18-இல், புதுச்சேரிப் பகுதியின் கீழூரில், சட்டமன்ற உறுப்பினரும் நகராட்சி உறுப்பினருமாக 178 பேர் கூடினர். 170 பேர் இணைப்புக்கு இசைந்தனர், எண்மர் மறுத்தனர். மக்களிடம் நேரே கேட்காது அவர்தம் பிரதிநிதிகளைக் கேட்டமை 1948-ஆம் ஆண்டு உடன்பாட்டிற்கு முழுதும் பொருந்துமோ என்னும் ஐயம் எளிதில் நீங்குவதன்று. குடியொப்பம் நடந்திருப்பினும் முடிவு வேறாயிராது என்று கூறுதல் விடையாகாது. முடிவை முன்னரே அறிந்தவர் கேளாது விடலாம் என்றால், கேட்டலென்னும் முறையே வேண்டாததாய்விடும். அச்சமின்றி ஒப்பமிடத்தக்க நிலை அன்று அங்கில்லை என்பதே வலிய விடை. அவ்வச்சத்தை விளைத்தவருட் சிலரும் அந்த 170 பேருள் இருந்தனர் என்பதை மறைத்தல் வேண்டா. பிரெஞ்சியர் தம் சட்டத்தின் சொல்லையும், இந்தியர் தம் கோரிக்கையின் கடுமையையும் சற்றே தளர்த்தி நடுவில் அமைத்துக்கொண்ட பாலம் கீழூர். பாலத்தின் மரம் கோணலாயினும் ஆற்றைக் கடத்திற்று.

அக்டோபர் 21-இல் தில்லியில் உடன்பாடு எழுதப்பட்டது. 1954 நவம்பர் முதல் நாள், பியேர் லாந்தி என்னும் பிரெஞ்சுப் பிரதிநிதியிடமிருந்து கேவல்சிங் ஆட்சியைப் பெற்றார். அன்று கைமாறியது நடைமுறை ஆட்சியே. உரிமையை முழுதும் கையளிக்கும் உடன்படிக்கை 1956 மே 28-இல் ஒப்பமாகியும், பிரெஞ்சு நாடாளுமன்றம் அதனை உறுதிசெய்ய ஆறாண்டுகள் சென்றன. 1962 ஆகசுடு 16-இலேதான் அது சட்டப்படி நிறைவேறிற்று. அல்சீரியப் போர் முடியுமளவும் மற்றொரு நிலத்தை விட்டுக்கொடுத்ததாகத் தம் மக்கள்முன் தோன்றப் பிரெஞ்சு அரசினர் தயங்கினர் என்பர். எட்டாண்டு காலம் புதுச்சேரி செயலால் இந்தியாவினுடையதாகவும், ஏட்டளவிற் பிரான்சினுடையதாகவும் இருந்தது. சித்தாந்த நூல் பயின்றார்க்கு இது வியப்பன்று. தடத்த இலக்கணம் வேறு, சொரூப இலக்கணம் வேறு என்பதை அவர் அறிவர். பிரான்சு தன் மானத்தின் பொருட்டுப் பெயரை வைத்திருக்க விரும்பிற்று. இந்தியா பொருளைப் பெற்றமையாற் பெயருக்காகப் பொறுத்தது. பெயர்க்கும் பொருட்கும் ஒருசேரப் போரிட்டவர்கள் இரண்டையும் இழந்த வரலாறுகள் மடங்களிலும் உண்டு, நாடுகளிலும் உண்டு.

ஏற்றுக்கொள்ளுங்கால் எழுதிக்கொண்டதும் நினைக்கத்தக்கது. 1956-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, அப்பகுதிகட்கு இருந்த தனி ஆட்சிமுறை தொடரும். அரசியலமைப்பில் அந்நிலையை மாற்றுவதாயின் மக்கள் விருப்பத்தை அறிந்தே மாற்றல் வேண்டும். 1979 சனவரியில், புதுச்சேரியை அண்டை மாநிலத்தோடு சேர்க்கும் பேச்சு எழுந்தபோது ஊர் கொதித்தெழுந்தது, உயிர்களும் போயின, சேர்ப்புக் கைவிடப்பட்டது. 1954-இல் எல்லைக் கற்களைப் பிடுங்க முயன்றோரின் பிள்ளைகள் 1979-இல் அவ்வெல்லையைக் காக்க எழுந்தமை முரணாகத் தோன்றலாம். தம்மைக் கேட்டே செய்தல் வேண்டுமென்பதே இருகாலத்தும் அவர் கேட்டது.

பகைவர் கையின் கொடையைப் பற்றிப் பேசுங்கால், சைவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று புதுச்சேரியிலேயே உண்டு. 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்ட காலத்து, தூப்ளே ஆட்சியில், வேதபுரீசுவரர் திருக்கோயில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அதனைக் கண்ணீரோடு எழுதிவைத்தவர் அவ்வாட்சியின் துபாசியாகிய ஆனந்தரங்கப் பிள்ளை. அவர்தம் நாட்குறிப்பைப் படிப்பார் இன்றும் மனம் நோவர். இருநூறு ஆண்டுகளின் பின், 1954-ஆம் ஆண்டு உடன்பாட்டை ஒட்டி, 1955 மார்ச்சில் அதே நகரிற் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. அதனை அமைத்தவர் வடமொழியும் தமிழும் வல்ல சான் பிலியோசா. தமிழகத்துக் குருக்கள்மார் இல்லங்களிலும் மடங்களிலும் செல்லரித்துக் கிடந்த சிவாகமச் சுவடிகளை அந்நிறுவனத்தார் தேடித்தொகுத்தனர், ந. இரா. பட்டர் முதலியோர் இரௌரவம், மிருகேந்திரம், அசிதம் முதலிய ஆகமங்களைப் பாடவேறுபாடுகளோடு அச்சிட்டனர். புதுச்சேரியில் இன்றுள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளின் தொகுதியை 2005-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி பண்பாட்டு நிறுவனம் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

கோயிலை இடித்த நாட்டினரும் ஆகமத்தைக் காத்த நாட்டினரும் ஒருவரே. ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது. 1748-ஆம் ஆண்டுக் கணக்கை 1955-ஆம் ஆண்டுக் கணக்கிற் கழித்தல் கணக்கறியார் செயல். எனினும் அம்மியம் என்றொதுக்கி அச்சுவடிகளைக் கொடாதிருந்திருப்பின், கறையானுக்கன்றி யாருக்கு நன்மை? நம் மடங்களில் எத்துணை அச்சுவடிகளைப் பேணிற்று என்று கேட்டல் சிறிது கசப்பாயினும் கேட்கத்தக்கதே. சைவத்தின் நூலைச் சைவர் பேணாதவிடத்து, வேற்றுச் சமயத்துப் பிறந்தவர் பேணினார். சூலை தீர்க்கும் கை எங்கிருந்து வரும் என்பது நோயாளியின் துணிபில் இல்லை.

இனி, ஏற்றபின் வரும் இடர் ஒன்று உண்டு. அதற்குச் சான்று கோட்டக்குப்பத்தின் மேற்புறத்து மேட்டுநிலத்தில் அமைந்த ஆரோவில். 1968 பிப்ரவரி 28-இல், 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியிலிட்டுத் தொடங்கப்பெற்ற அந்நகர், 1973 நவம்பரில் அதன் அன்னையார் மறைந்தபின், நிருவகிக்கும் சங்கத்திற்கும் குடியிருப்போர்க்கும் இடையே பெரும் பூசலிற் பட்டது. குடியிருப்போர் பலர் அரசினர் துணையை நாடினர். 1980-இல் நாடாளுமன்றம் நெருக்கடிச் சட்டம் ஒன்றியற்றி நிருவாகத்தை ஏற்றது. அது சமயவுரிமைக்கு மாறென்ற வழக்கை உச்ச நீதிமன்றம் 1982-இல் தள்ளிற்று. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆரோவில் நிறுவனம் உருவாயிற்று. ஆட்சிக்குழு, குடியிருப்போர் பேரவை, பன்னாட்டு அறிவுரைக்குழு என மூன்று உறுப்புக்கள் அதற்கு.

அரசின் கையாற் சூலை தீர்ந்தது. தீர்த்த கை, தீர்த்தபின் எத்துணைக் காலம் வயிற்றின்மேல் இருக்கலாம்? 2021 திசம்பரில், நகரமைப்புத் திட்டத்து வட்டச்சாலையின் பொருட்டு மரங்களும் கட்டடமும் அகற்றப்பட்டபோது இவ்வினா கிளர்ந்தது. ஐம்பதினாயிரவர் வாழ எண்ணிய நகர்த்திட்டத்தை நிறைவேற்றலே தொடக்கத்து நோக்கம் என்றனர் ஒருசாரார். செம்மண் மேட்டில் ஐம்பதாண்டு நட்டு வளர்த்த காட்டை வெட்டாது, குடியிருப்போர் இசைவோடு வளர்தலே அந்நோக்கம் என்றனர் மற்றொருசாரார். 2022 ஏப்ரலிற் பசுமைத் தீர்ப்பாயம் சூழல் இசைவின்றி மேற்செல்லலாகாதென்றது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கிற்று. வழக்கு ஒருவாறு முடிந்தது. உள்ளங்கள் ஒன்றுபட்டன என்று யாரும் கூறார். வரைபடம் நகரின் சொரூபமா, தடத்தமா என்பதை நீதிமன்றம் துணிய இயலாது. அது அங்கு வாழ்வோர் துணியற்பாலது. புதுச்சேரியார் தமக்கு வேண்டியவற்றை இரு நாட்டு உடன்படிக்கையில் எழுதுவித்தனர். ஆரோவிலார்க்கு அவ்வாறு எழுதுவிக்க எதிரில் மற்றொரு நாடு இல்லை; நாடாளுமன்றம் எழுதியதே எழுத்து. பேரவை எவ்வளவு சொல்லலாம், ஆட்சிக்குழு அதனை எவ்வளவு கேட்டல் வேண்டும் என்பது நோய் கடிதாய் இருந்த அந்நாளில் ஒருவர்க்கும் முதன்மையாகத் தோன்றவில்லை போலும்.

மடங்களிலும் சபைகளிலும் சீர்திருத்தம் வேண்டி அரசின் கையை நாடுவோர் இதனைக் கருதுதல் வேண்டும். கருதிய பின்னும் நாடவேண்டிய நிலை வரலாம்; அறநிலையங்களின் பொருள் களவுபோகுங்கால் நாடாதிருத்தலே குற்றமாகலாம். கேட்கும் உரிமை எவ்வளவு நம்மிடம் தங்கும் என்பதை மருந்து உண்ணும் முன்னர்க் கேட்பது எளிது; உண்டபின் கேட்போர் நன்றியற்றவராகத் தோற்றுவர்.

குபேர் 1963-இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சராயினார். கடற்கரைச் சாலை அவர் பெயரைத் தாங்குகின்றது. சுப்பையா அவரை எதிர்த்தே அரசியல் நடத்தினார், 1993-இல் மறைந்தார். இருவரும் ஒரே இணைப்பை வேண்டியவராயினும் ஒரே மன்றத்தில் எதிரெதிர் வரிசையில் அமர்ந்தனர். ஆரூரர் கையிற் பற்றிய வாள் அவர் உள்ளத்தின் சான்று. அத்தகைய சான்றினைக் குபேர் காட்டிற்றிலர். அதனாற் சுப்பையா அவரைத் தழுவவேண்டிய கடப்பாடும் இல்லை. இணைப்பை ஏற்றல் கடனாயிற்று, நட்பு கடனாகவில்லை.

கலிக்காமர் அன்று தழுவினார். இருவரும் திருப்புன்கூர் சென்று பணிந்தனர். அங்கிருந்து ஆரூர் போந்து சிலநாள் உடனுறைந்தனர். பின்னர் அவர் விடைபெற்றுத் தம் ஊராகிய திருப்பெருமங்கலம் மீண்டு, முன்போலத் தம் தொண்டைச் செய்துவந்தார்.